கூட வேலை பாக்குறவங்களோட ஒத்துப் போகலையா: எங்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

எனக்கு மண்டபம் பக்கம். 14 வருஷம் நண்டு கம்பெனில இருந்தேன், மொதல்ல சதை எடுக்குற டேபிள்ல, அப்புறம் அதே டேபிளுக்கு சூப்பர்வைசரா. இப்ப ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ்ல கணக்கு பாக்குறேன். புதுப் பாலம் கட்டுனப்ப 2022 டிசம்பர்ல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் ரயில் பாம்பனத் தாண்டாம மண்டபத்தோட நின்னுச்சுல்ல, அப்ப வேலைக்கு போறவங்க எல்லாரும் ஒரே பஸ்ஸுலதான் நெருக்கியடிச்சுட்டு போனோம், பாதிப் பேருக்கு பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குறதே யார்கூட பேச்சுவார்த்தை இல்லையோ அவங்கதான். அங்க ஆரம்பிச்ச பேச்சு இது. ஆள் மாறுது, கேள்வி மாற மாட்டேங்குது, அதான் ஒருக்கா உக்காந்து எழுதிட்டேன். நான் வக்கீல் இல்ல, படிச்ச கவுன்சிலரும் இல்ல. சட்டம் பத்தி சொன்ன எடத்துல எல்லாம் விசாரிச்சுத்தான் எழுதியிருக்கேன்.

அக்கா, கூட இருக்குற ஆளு உண்மையிலேயே சரியில்லையா, இல்ல எனக்குத்தான் பொறுமை இல்லையா? எப்படித் தெரிஞ்சுக்குறது?

ஒரு சின்ன நோட்டு வாங்கி ரெண்டு வாரம் எழுதுங்க. ஆளப் பத்தி எழுதக் கூடாது, நடந்தத மட்டும் எழுதணும். "திமிரு புடிச்சவ"ன்னு எழுதினா அது நோட்டு இல்ல, சாபம். "செவ்வாய்க்கெழம சாவியக் குடுக்காம போயிட்டாங்க, நான் 40 நிமிஷம் வெளில நின்னேன்"னு எழுதணும், தேதியோட.

ரெண்டு வாரம் கழிச்சு புரட்டுனா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரும். எழுதறதுக்கே ஒண்ணும் இல்லைன்னா, உங்களுக்கு அவங்க சிரிப்பு புடிக்கல, போன்ல சத்தமா பேசுறது புடிக்கல, அம்புட்டுதான். அதுக்கு மருந்து கிடையாது, பழகிக்க வேண்டியதுதான். அதே சாவி நாலு தடவ வந்திருக்குன்னா, உங்களுக்கு பிரச்சனை அந்த ஆளு இல்ல, அந்தச் சாவி. இத மனசுல வச்சுக்கிட்டு மத்ததப் படிங்க.

நான் என்ன பண்ணேன்னே தெரியல, ஒருத்தி எங்கிட்ட மட்டும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா. நானா போய் கேக்கணுமா?

ஒரு தடவ கேளுங்க. ஒரே ஒரு தடவ, ஆளில்லாத எடத்துல, டீ குடிக்கிற நேரமா பாத்து. "நான் ஏதும் தப்பா சொல்லிட்டனா?"ன்னு கேட்டா போதும். "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டா அத நம்புன மாதிரியே நடந்துக்குங்க. வேலை விஷயத்துக்கு பதில் வருதா, வரணும். சிரிப்பு வருதா, அது அவங்க இஷ்டம். சிரிக்கச் சொல்லி யாரும் சம்பளம் குடுக்கல.

வேணும்னே எனக்கு கஷ்டமான வேலையத் தள்ளி விட்டுட்டு சுலுவானத அவங்க எடுத்துக்குறாங்க. கேட்டா நான் சண்டக்காரின்னு பேராகுது.

இதுக்கு என் கதையத்தான் சொல்லணும். நண்டு கம்பெனில அவிச்ச நண்டு பேசின்ல வரும். மேல் ஓட்டக் கழட்டிட்டு, துடுப்புக் கால் சேர்ற எடத்துல இருக்குற பெரிய சதைய உடையாம எடுத்தா அது லம்ப், அதுக்கு கூலி கூட. காலுச் சதை வேற கிண்ணம், அதுக்கு பேரு கிளா. எடுத்த சதைய எடை போட்டுத்தான் காசு. பெரிய நண்டுல சட்டுன்னு சதை வந்துரும், சின்ன நண்டுன்னா அதே கிண்ணம் நிரம்ப ரெண்டு மடங்கு நேரம், ஓடு கீறின வெரல ஐஸ் தண்ணில முக்கும்போது உசுரு போயிட்டு வரும். எங்க டேபிள்ல எனக்கு எதுத்தாப்புல இருந்த அக்கா பேசின் வந்த ஒடனே கைய விட்டு பெருசாப் பொறுக்கிக்கும். பேசிக்கிட்டே பொறுக்கும், நம்ம வீட்டு நல்லது கெட்டத விசாரிச்சுக்கிட்டே பொறுக்கும், அதனால கோவப்படவும் முடியாது. சாயங்காலம் எடை போட்டா அதுக்கு என்ன விட ஒன்றரைக் கிலோ கூட.

ஆறு மாசம் பொறணி பேசுனேன், ஒரு பைசாவுக்கு பிரயோஜனம் இல்ல. அப்புறம் எதேச்சையாத்தான் நடந்துச்சு, ஒரு நாள் அந்த அக்கா லீவு, வேற ஒருத்தி வந்து உக்காந்தா, அவளும் அதே மாதிரி பொறுக்குனா. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, பேசின நடுவுல வச்சா யாரா இருந்தாலும் பொறுக்கத்தான் செய்வாங்க, ஏன் நானுந்தான் கை எட்டுனா பொறுக்குவேன். சூப்பர்வைசர்கிட்ட அந்த அக்கா பேரையே எடுக்கல. "அண்ணே, பேசின நடுவுல கொட்டாம, நம்பர் படி ஆளுக்கு இத்தனை கிலோன்னு கலந்து அள்ளி வச்சுட்டா சத்தமும் கொறையும், வேலையும் வெரசா முடியும்"னு மட்டும் சொன்னேன். மறு வாரமே மாத்திட்டாங்க. அந்த அக்காவுக்கும் எனக்கும் இன்னைக்கு வரைக்கும் சண்டையே நடக்கல. ஆளப் பத்தி சொன்னா அது கோள். ஏற்பாட்டப் பத்தி சொன்னா அது யோசனை.

ஷிப்ட் மாத்த வர்றவரு தினமும் லேட்டு. நான் பாட்டுக்கு ஒக்காந்திருக்கேன். கேட்டா பஸ் வரல, காத்தடிச்சுச்சு, பாலத்துல கூட்டம்ங்குறாரு.

காத்தடிச்சு பாலத்துல வண்டி மெதுவாப் போறது நம்ம ஊர்ல நடக்குறதுதான், அத பொய்னு சொல்ல முடியாது. ஆனா வாரத்துல ஆறு நாளும் காத்தடிக்காது. எங்க லாட்ஜ்ல இதே கதைதான், முன்னாடி டெஸ்க்குல ராத்திரி ஆளு காலைல ஆறு மணிக்கு கெளம்பணும், மாத்த வர்ற தம்பி ஏழரைக்கு வருவாரு. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துல குளிக்க வர்ற கூட்டம் விடியறதுக்கு முன்னாடியே ரூம் கேட்டு நிக்கும், அன்னைக்கு பெரிய சண்டையே ஆயிருச்சு.

ஒரு நோட்டு போட்டோம். கைமாத்துற நோட்டு. வந்த மணி, கையிருப்பு காசு, எத்தன சாவி, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பாக்கி, ரெண்டு பேர் கையெழுத்து. யாரும் யாரையும் திட்டல, வந்த மணிய அவரே அவர் கையால எழுதணும் அம்புட்டுதான். தொடர்ந்து பத்து நாளு 7.25ன்னு தானே எழுதறது ஒரு மனுஷனுக்கு கூச்சமா இருக்கும் போல, தம்பி இப்ப ஆறே காலுக்கு வர்றாரு. கால் மணி நேரத்துக்கு நான் ஒண்ணும் சொல்றதில்ல. உங்க முதலாளி நோட்டு போட மாட்டேன்னா மொதக் கேள்வில சொன்ன உங்க சொந்த நோட்டுல மணிய எழுதி வையுங்க.

நான் பண்ணுன வேலைய தான் பண்ணதா சொல்லி மொதலாளிகிட்ட நல்ல பேரு வாங்கிக்குறாரு.

அவரு சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லிருங்க, வேற வழியில்ல. சாயங்காலம் கெளம்பும்போது ரெண்டு வரி மெசேஜ்: "அண்ணே, இன்னைக்கு 12 பில் போட்டாச்சு, ஐஸ் பாக்கிக் கணக்கு முடிச்சாச்சு, நாளைக்கு பெட்டிக் கணக்கு." நம்ம ஆளுகளுக்கு, குறிப்பா பொம்பளப் புள்ளைகளுக்கு, செஞ்சத சொன்னா பெருமையடிக்குற மாதிரி ஒரு கூச்சம். கணக்கு சொல்றது பெருமை இல்ல.

கூட இருக்குறது எங்க மதினி. வீட்டுலயும் அவுகதான், வேலையிலயும் அவுகதான். நான் எப்படிப் போய் கேக்குறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வர்றது. டவுன்ல இருக்குறவங்க சொல்ற "ஒதுங்கிருங்க, ஆபீஸ் விஷயத்த ஆபீஸோட விட்டுருங்க"ங்குற யோசனையெல்லாம் இங்க வேகாது. ஆபீஸ விட்டு இறங்குனா ஒரே பஸ்ஸு, ஒரே தெரு, ஞாயித்துக்கெழம ஒரே காதுகுத்து. முறை அறுந்துறக் கூடாது, வேலையும் கெட்டுறக் கூடாது.

நான் சொல்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, வேலைக் கணக்க வேலை நடக்குற எடத்துலயே தீத்துருங்க, வீட்டுக்காரர் வழியா, மாமியா வழியா சொல்லி விடாதீங்க. நடுவுல ரெண்டு வாய் பூந்துச்சுன்னா "பில்லுல கையெழுத்து விட்டுப் போச்சு"ங்குறது "எங்க மகளத் திருடின்னு சொல்லிட்டா"ன்னு போய் நிக்கும். ரெண்டாவது, முறை வச்சே கூப்பிட்டு சொல்லுங்க. "மதினி, நேத்து ரெண்டு பில்லுல உங்க கையெழுத்து விட்டுப் போச்சு, எங்கிட்ட கேக்குறாக. கெளம்பறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துருங்க." இதுல கொறை சொன்ன மாதிரியும் இல்ல, சொல்லாம விட்ட மாதிரியும் இல்ல. அப்புறம் அந்தக் காதுகுத்துக்கு போங்க, மொய் எழுதுங்க, சாப்பிட்டு வாங்க. கோவத்துல போகாம இருந்தீங்கன்னா அது பத்து வருஷம் நிக்கும்.

கீழக்கரைல ஒரு லாத்தா எங்கிட்ட இதையே கேட்டாங்க, அவங்களும் அவங்க பெரியம்மா மகளும் ஒரே கடைல. சாப்பாட்டு நேரத்துக்கு யாரு மொத போறதுங்குறதுதான் மொத்தப் பிரச்சனையே. ஒரு வாரம் இவங்க, ஒரு வாரம் அவங்கன்னு காலண்டர்ல குறிச்சாங்க, தீந்துச்சு. பெரியம்மா காது வரைக்கும் போகவே இல்ல.

வாட்ஸ்அப் குரூப்ல என் பேரச் சொல்லாம குத்திப் போடுறாங்க. ஸ்டேட்டஸ்லயும்.

பேரு இல்லாத செருப்ப நீங்களா எடுத்துக் கால்ல மாட்டாதீங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எதுக்கும் பதில் போடாதீங்க. ஸ்டேட்டஸ மியூட் பண்ணிருங்க. மிரட்டலோ அசிங்கமோ பேரோட வந்தா மட்டும் தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க, அழிச்சுட்டு அழுவாதீங்க.

நாங்க போட்டுக்குப் போறவங்க. எங்களுக்கு ஹெச்.ஆரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. கூட வர்றவன் வலை இழுக்கும்போது சும்மா நிக்கிறான்.

இத எங்க தம்பிகிட்ட கேட்டு எழுதுறேன், அவன் விசைப்படகுல போறவன். அவன் சொன்ன மொத விஷயம், கடல்ல வச்சு பேசவே கூடாது. அஞ்சாறு பேரு, நாலு பக்கமும் தண்ணி, வலை இழுக்குற மெசின் வின்ச் ஓடிக்கிட்டிருக்கு, ரோப்பு இழுபட்டுக்கிட்டிருக்கு, அந்த நேரத்துல ஒருத்தன் கோவத்துல திரும்பிப் பாத்தா போறது இன்னொருத்தன் கையி. கரைக்கு வந்து, மீன எறக்கி, பங்கு பிரிச்சு, தூங்கி எந்திரிச்சப்புறம் பேசணும். அதையும் நேரா சம்மாட்டிகிட்ட, அதான் போட்டு ஓனர்கிட்ட, போகாம டிரைவர்கிட்ட சொல்லணும், ஏன்னா கடல்ல யாரு எங்க நிக்கிறதுன்னு சொல்றது டிரைவருதான். "அவன் சோம்பேறி"ங்குறத விட "அண்ணே, அடுத்த பாடு என்னைய வின்ச்சுல நிறுத்துங்க, அவன வலைல விடுங்க"ன்னு கேட்டா நடக்கும்.

போட்டு மாறணும்னா அட்வான்ஸ் ஒரு பெரிய தளை, வாங்குனத கழிக்காம வேற போட்டுல ஏற விடமாட்டாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், போட்டெல்லாம் கரையேத்தி பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கிறப்பதான் ஆளும் மாறும். அதனால மாசி பங்குனியிலயே அட்வான்ஸ் கணக்க எழுதி வாங்கிருங்கங்குறான். பங்குனி முடிஞ்சப்புறம் கேட்டா எல்லாருக்கும் ஞாபக மறதி வந்துருமாம்.

எத்தனையோ தடவ பேசிப் பாத்தாச்சு. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. இனி என்னதான் பண்றது?

நாள் பிரிச்சுக்குங்க. நம்ம கடல்ல அதத்தான பண்ணி வச்சிருக்கோம். விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாள்ல பாக் நீரிணைக்குள்ள போனா வலை அறுபடும், அடிதடி ஆகும்னு, வாரத்துல மூணு நாளு விசைப்படகுக்கு, மிச்ச நாலு நாளு நாட்டுப்படகுக்குன்னு பிரிச்சு விட்டாங்க. ராமேஸ்வரத்துல திங்கள், புதன், சனின்னா டோக்கன் வாங்கி விசைப்படகு கெளம்பும். அதுக்காக ரெண்டு பக்கமும் பாசமாயிட்டாங்களா, ஆகல, இன்னைக்கும் ஒருத்தர ஒருத்தர் கொற சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா தொழில் நடக்குது.

வேலை எடத்துலயும் அதே மாதிரி எதையாவது பிரிக்க முடியும். நேரம், அலமாரி, கஸ்டமர், பில் புக்கு, எதையாவது. "அவங்க கூட என்னால முடியாது"ன்னு மேல போய் நின்னா யாரும் காது குடுக்க மாட்டாங்க, "காலைப் பில்லு நான், சாயங்காலப் பில்லு அவங்க"ன்னு போய் நின்னா கேப்பாங்க.

மேல இருக்குற சூப்பர்வைசரே அப்படின்னா? உக்காரக் கூட விடமாட்டேங்குறாரு, எல்லாரு முன்னாடியும் கத்துறாரு.

இங்க வரைக்கும் சொன்னது சமமா இருக்குறவங்களுக்கு. மேல இருக்குறவங்கன்னா நோட்டும் தேதியும் இன்னும் முக்கியம், தனியா போகாம ரெண்டு மூணு பேரா போறதும் முக்கியம். ஜவுளிக் கடை, நகைக் கடைல நிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், 2021ல தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு சேத்துட்டாங்க. அது சூப்பர்வைசர் தர்ற சலுகை இல்ல. இருக்கை இல்லைன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம்.

20 பேரும் அதுக்கு மேலயும் தொழிலாளிங்க இருக்குற கம்பெனின்னா குறை தீர்க்குற குழு ஒண்ணு இருக்கணும்னு சட்டம் சொல்லுது. இருக்கான்னு கேளுங்க. "அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னு எழுத்துல கேக்குறதுக்கே சில எடத்துல கத்தல் கொறையறத பாத்திருக்கேன்.

இவரு சும்மா தொட்டுப் பேசுற பழக்கமா, இல்ல வேற மாதிரியா? சொன்னா என் பேருதான கெடும்?

உங்களுக்கு உறுத்துதுன்னா "பழக்கம்"னு ஒதுக்க வேண்டாம். இதுக்கு நான் மேல சொன்ன பொறுமை, ஏற்பாடு, நாள் பிரிக்கிறது எதுவும் செல்லாது. வேலை எடத்துல பொம்பளைங்களுக்கு நடக்குற பாலியல் தொல்லையத் தடுக்க 2013ல வந்த சட்டம் இருக்கு. தொடுறது மட்டும் இல்ல, அசிங்கமா பேசுறது, படம் அனுப்புறது, "ஒத்துக்கிட்டா ஷிப்ட் மாத்தித் தர்றேன்"ங்குறது எல்லாமே அதுல வரும். 10 பேர் அதுக்கு மேல வேலை பாக்குற எடம்னா உள்ளுக்குள்ள ஒரு புகார் குழு இருக்கணும், தலைவர் ஒரு பொம்பளையாத்தான் இருக்கணும், உறுப்பினர்ல பாதியாவது பொம்பளைங்க இருக்கணும், வெளியாள் ஒருத்தரும் வேணும். 10 பேர் கூட இல்லாத எடம்னாலோ, புகாரே மொதலாளி மேலன்னாலோ மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு இருக்கு, நம்மளுக்கு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல சமூகநலத் துறைல கேட்டா வழி சொல்லுவாங்க. தினக்கூலி, காண்ட்ராக்ட், வேலை பழக வந்த புள்ள, யாரா இருந்தாலும் குடுக்கலாம்.

கடைசியா நடந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், காரணம் இருந்தா குழு இன்னும் 3 மாசம் தள்ளிக் குடுக்கலாம். விசாரணைய 90 நாள்ல முடிக்கணும். அது நடக்குறப்ப உங்கள வேற எடம் மாத்தச் சொல்லியோ, 3 மாசம் வரைக்கும் லீவோ கேக்கலாம். பேரு கெடும்னு கேட்டீங்கள்ல, பேர வெளிய விடக் கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. நிரூபிக்க முடியாமப் போச்சுங்குறதுக்காக மட்டும் அத பொய்ப் புகார்னு சொல்ல முடியாதுன்னும் இருக்கு. ஒடனே யார்கிட்டயாவது பேசணும்னா 181.

நான் சூப்பர்வைசரா இருந்த காலத்துல ஒரு புள்ள வந்து பாதி சொல்லி பாதி முழுங்குச்சு. நான் "கண்டுக்காத"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டே வாரத்துல அது வேலைக்கு வரல. அத இங்க எழுதாம இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

சாதியச் சொல்லி, மதத்தச் சொல்லி கேலி பண்றாங்க. கேட்டா "சும்மா மாப்ள, விளையாட்டுக்கு"ங்குறாங்க.

மொத தடவையே சிரிக்காம நில்லுங்க. நீங்களும் சேந்து சிரிச்சுட்டா அடுத்த தடவ சொல்றதுக்கு ரொம்ப கஷ்டம். "இது எனக்கு விளையாட்டு இல்ல"ன்னு ஒரு வரி, கூட நின்னவங்க யாருன்னு நோட்டுல எழுதுங்க. பட்டியல் சாதி, பழங்குடி ஆளுகள மத்தவங்க நாலு பேரு பாக்குற எடத்துல சாதி பேரச் சொல்லி இழிவு பண்ணா 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வழக்கே போடலாம். பொம்பளைங்களுக்கும் இவங்களுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல வக்கீல் இலவசம், வருமானம் பாக்க மாட்டாங்க.

இதெல்லாம் சரி, என் மேலயே புகார் குடுத்துட்டாங்கக்கா. நான் என்ன அவ்வளவு மோசமான ஆளா?

இருக்கலாம். நானே இருந்திருக்கேன், டேபிள்ல இருந்து சூப்பர்வைசரா ஏறுன புதுசுல எல்லார் பின்னாடியும் போய் நின்னு கிண்ணத்த எட்டிப் பாப்பேன், அது வேலைன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா கை நடுங்கி லம்ப் உடையுதுன்னு ஒரு வயசான அம்மா மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. ரெண்டு நாள் அவங்க கூட பேசல. அப்புறம் எட்டிப் பாக்குறத நிறுத்திட்டேன்.

உங்க மேல எழுதிக் குடுத்திருந்தா அந்தக் காகிதத்துல என்ன நடந்துச்சுன்னு எழுதியிருக்குன்னு மட்டும் பாருங்க, யாரு எழுதுனதுன்னு தேடாதீங்க. நடந்ததுன்னா ஒத்துக்குங்க, நடக்காததுன்னா தேதி போட்டு எழுத்துல பதில் குடுங்க. தூக்கமே போயிருச்சுன்னா 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

பேசாம வேலைய விட்டுறவா?

விடலாம், தப்பே இல்ல. ஆனா கோவத்துல வாயால சொல்லிட்டு வந்துராதீங்க. பி.எஃப். புடிக்குறாங்கன்னா யு.ஏ.என்.ங்குற உங்க பி.எஃப். அடையாள நம்பர வாங்கி உங்க போன் நம்பர் அதுல சேந்திருக்கான்னு பாருங்க. தொடர்ந்து அஞ்சு வருஷம் ஆகப் போகுதுன்னா வேலைய விடும்போது வர்ற பணிக்கொடை, அதான் கிராஜுவிட்டி, அதுக்கு எத்தன நாள் பாக்கின்னு எண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பாக்கிச் சம்பளம், அனுபவச் சான்று ரெண்டையும் கேட்டு எழுதிக் குடுங்க.

அப்புறம் நண்டு கம்பெனி, இறால் கம்பெனி, ஐஸ் பிளான்ட் ஆளுகன்னா, ஏப்ரல் மே மாசத்துல விடாதீங்க. தடைக்காலத்துல இருக்குற ஆளுக்கே வேலை காணாது, புதுசா யாரும் எடுக்க மாட்டாங்க. ஜூன் 14 தாண்டி மொத ரெண்டு மூணு பாடு மீன் எறங்கட்டும், அப்புறம் போய் கேட்டுப் பாருங்க.